சுல்தானின் குளிசையும் உம்மாவின் மரக்கோப்பையும்

தலவில, கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரை. முன்னால் கடல், பின்னால் தென்னையும் தோட்டமும் தாண்டினால் புத்தளம் களப்பு, களப்புக்கு அக்கரையில் புத்தளம் நகர். வெளியூர்க்காரருக்குத் தலவில என்றால் புனித அன்னம்மாள் திருத்தலம் நினைவுக்கு வரும். எனக்கோ இந்தக் கடலைப் பார்க்கும்போதெல்லாம் 1344ஆம் ஆண்டில் காற்றுத் திசைமாற்றிக் கொண்டுவந்த ஒரு கப்பல்தான் நினைவுக்கு வரும். மாலைதீவிலிருந்து மஃபர் எனப்பட்ட தமிழகக் கரைக்குப் புறப்பட்ட அக்கப்பலில் இப்னு பதூதா இருந்தார். அவர் கால்வைத்த 'பத்தாலா' நமது புத்தளம்தான் என்பது ஆய்வாளர் கருத்து.

கரையில் மலைபோல் குவிந்துகிடந்த கறுவா மரங்களையும், மரமதில் சூழ்ந்த சிற்றூரையும், பாரசீகம் விளங்கிய ஆரியச் சக்கரவர்த்தியையும் அவர் வருணித்ததை நாம் பலமுறை எழுதிவிட்டோம். பாவாதமலைக்குப் போக மன்னர் அவரோடு நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் அனுப்பிவைத்ததும் தெரிந்த கதை. ஆனால் புத்தளத்தை விட்டு மஃபருக்குப் போன பிறகு அவர் கண்ட ஒரு சம்பவத்தை நாம் அவ்வளவாகக் கவனித்ததில்லை. அது மருந்து பற்றியது. இன்று வீட்டுக்கு வீடு குளிசைப் பை தொங்கும் காலத்தில் அதைத் திரும்ப வாசிக்கத் தேவை இருக்கிறது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாதுத்தீன் தாமகானி. இப்னு பதூதாவுக்குச் சகலர் முறை. இருவரும் மணந்தது ஷரீஃப் ஜலாலுத்தீன் அஹ்ஸனின் பெண்மக்களை. உறவு என்பதற்காக சுல்தானின் கொடுமைகளைப் பயணி மறைக்கவில்லை; கைதிகளுக்கு அவர் செய்ததைக் கண்டு மனம் வெறுத்ததையும் பதிந்திருக்கிறார். அந்த சுல்தானுக்கு ஒரு யோகி ஆண்மை பெருக்கும் குளிசைகள் செய்துகொடுத்தார். அதில் சேர்ந்த சரக்குகளில் இரும்புத் தூளும் ஒன்று என்று பேசிக்கொண்டார்களாம். சுல்தான் தேவைக்கு மிஞ்சித் தின்றார். நோயில் விழுந்தார். அந்த நிலையிலேதான் பத்தன் என்ற துறைமுகப்பட்டணத்துக்கு வந்துசேர்ந்தார். பிறகு மதுரைக்குப் போனார். அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. பிடித்தவர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இறந்துகொண்டிருந்த நேரம். சிறிது காலத்தில் சுல்தானும் மௌத்தானார்.

இங்கே பயணியின் பேனா போகும் நிதானத்தைக் கவனிக்க வேண்டும். யோகி நஞ்சு கொடுத்தான் என்று அவர் சொல்லவில்லை. இரும்பு கெட்டது என்றும் சொல்லவில்லை. சுல்தான் தேவைக்கு மேல் தின்றார் என்கிறார். குற்றம் அளவில் இருக்கிறது என்று ஒரு காழி, வைத்தியர் அல்லாத ஒருவர், 14ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார்.

இரும்பு நம் தமிழ் வைத்தியத்துக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் அயம் என்ற பெயரில் செந்தூரமாக, பற்பமாக அது வழங்குகிறது. ஆனால் பரிசாரி அதைத் தனியே கொடுத்து அனுப்பமாட்டார். தேனிலா, நெய்யிலா, பாலிலா என்று அனுபானம் சொல்வார். எதைத் தின்னக்கூடாது என்று பத்தியம் சொல்வார். ஒரு மருந்து எதோடு சேர்ந்தால் வேலைசெய்யும், எதோடு சேர்ந்தால் கெடும் என்ற அறிவுக்குத் தமிழ் வைத்த பெயர்கள் இவை. கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கும் மிட்வைஃப் மிஸ் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறார். 'குளிசையோடு பிளேன்டீ குடிக்கவேணாம், கல்சியத்தையும் இதையும் ஒன்றாகப் போடவேணாம், தேசிக்காய்த் தண்ணியோடு குடிங்க' என்பார். தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போடும். கல்சியமும் அது உடலில் சேர்வதைத் தடுக்கும். தேசிக்காயின் வைட்டமின் சி சேர்த்துவிடும். அளவு மிஞ்சினாலோ இரும்பு வயிற்றுத் தோலை அரிக்கும், இரத்த வாந்தி வரும், ஈரலைத் தாக்கும். மேலதிக இரும்பை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி கிடையாது. பிள்ளைகள் இனிப்பென்று நினைத்து விழுங்கிவிடும் ஆபத்தால்தான் இந்தக் குளிசையை அலுமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொல்கிறார்கள்.

அதே மதுரையில் இப்னு பதூதாவையும் கடும் காய்ச்சல் பிடித்தது. இதோடு முடிந்தது என்றே நினைத்தார். அங்கே தாராளமாகக் கிடைத்த புளியை ஒரு ராத்தலளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிற்றால் போனது. அல்லாஹ் சுகம் தந்தான் என்கிறார். சுல்தானின் மருந்தும் பயணியின் மருந்தும் அடுத்தடுத்த பக்கங்களில் நிற்கின்றன. ஒருவர் பிழைத்தார், ஒருவர் பிழைக்கவில்லை. இதை வைத்துப் புளி நல்லது, இரும்பு கூடாது என்று முடிவுகட்டினால் அது வரலாறும் ஆகாது, வைத்தியமும் ஆகாது. மூன்று நாள் வயிற்றால் போவது வேறொரு பலவீனமான உடம்பைக் கொண்டுபோயிருக்கும்.

இப்படி அவசரமாக முடிவுகட்டக் கூடாது என்பதற்கு அவருக்கும் முந்நூறு வருடம் முன்பே இப்னு ஸீனா விதி எழுதிவிட்டார். அவருடைய 'அல்கானூன் ஃபித் திப்' ஐந்து நூல்கள் கொண்டது. இரண்டாவது நூல் தனிச் சரக்குகளைப் பற்றியது. ஐந்தாவது கூட்டு மருந்துகளைப் பற்றியது. இரண்டாம் நூலில் ஒரு மருந்தின் குணத்தைச் சோதித்து அறிவதற்கு ஏழு நிபந்தனைகள் சொல்கிறார். மருந்தில் வெளியிலிருந்து வந்த வேறு குணம் ஏறியிருக்கக் கூடாது. நோய் ஒன்றாக இருக்கவேண்டும். பல நோய் கலந்த ஆளில் சோதித்தால் எது எதனால் என்று தெரியாது. மருந்தின் வலு நோயின் வலுவுக்குப் பொருந்தவேண்டும். எந்த நேரத்தில் வேலைசெய்கிறது என்று பார்க்கவேண்டும். ஒருமுறை நடந்தது போதாது, திரும்பத் திரும்ப நடக்கவேண்டும். மனித உடம்பில்தான் சோதிக்கவேண்டும். சிங்கத்துக்கோ குதிரைக்கோ நடந்தது மனிதனுக்கு நடக்கும் என்று சொல்லமுடியாது. இதோடு, ஒவ்வோர் ஆளுக்கும் அவரவர் மிஸாஜ், அதாவது தேகவாகு உண்டு என்ற அடிப்படையும் அவரது வைத்தியம் முழுவதிலும் ஓடுகிறது.

தேகவாகு என்பது பழங்காலப் பேச்சு என்று தள்ளுபவர்களுக்கு எங்கள் பக்கத்துக் காய்ச்சலின் கதையே பதில் சொல்லும். 1934-35இல் இலங்கையில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. வரண்ட பிரதேசத்தின் ஊர்களுக்கு அது வருடா வருடம் வரும் விருந்தாளி. அந்தக் காலத்து மூத்தவர்கள் கொயினாவின் கசப்பையும், அதைக் குடித்தால் காதுக்குள் கேட்கும் இரைச்சலையும் சொல்லியிருக்கிறார்கள். டீடீடீ மருந்தடிப்புக்குப் பின் 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கே மலேரியா என்றானது. கண்காணிப்புத் தளர, 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 2012இன் பின் உள்நாட்டில் தொற்றியவர் இல்லை என்றாகி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடென்று சான்று தந்தது.

இந்த வெற்றியில் பங்குள்ள மருந்துகளில் ஒன்று பிரைமாகுயின். வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்ப எழும்பும். அதை அழிக்க இந்தக் குளிசையை 14 நாள் கொடுப்பார்கள். பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு மட்டும் அதே அளவில் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகும், ஆள் வெளிறிப்போவார். ஏன் சிலருக்கு மட்டும்? 1956இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். அவர்களது சிவப்பணுவில் ஜி-6-பி-டி என்ற நொதியம் குறைவு. அது பரம்பரையாக வருவது, பெரும்பாலும் ஆண்களைப் பாதிப்பது. அரபு நாடுகளில் சிலருக்கு ஃபூல் அவரை தின்றாலே இதே வருத்தம் வருவதற்கும் காரணம் அதுதான். மருந்தில் பிழை இல்லை, அளவில் பிழை இல்லை. ஆளைக் கேளாமல் கொடுத்ததுதான் பிழை. இப்னு ஸீனாவின் நாலு குணக் கணக்கு இன்று நிற்காது. ஆளுக்கு ஆள் தேகம் வேறு என்ற அவரது கேள்வி நிற்கிறது.

இனி நான் இதையெல்லாம் தேடி வாசிக்கக் காரணமான சம்பவத்துக்கு வருகிறேன்.

2012இல் நோன்பும் தலவில ஓகஸ்ட் திருவிழாவும் ஒரே நேரத்தில் வந்தன. திருவிழாவுக்கு எல்லாச் சாதி சமயத்தாரும் வருவார்கள். பெருங்கடைத் தெரு முளைக்கும். அங்கே என் தங்கை உம்மாவுக்கு ஒரு மரக்கோப்பை வாங்கிவந்தாள். சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு என்பார்கள். இரவில் தண்ணீர் ஊற்றிவைத்து விடியக் குடித்தால் சீனி வருத்தம் குறையும் என்பது நாடறிந்த நம்பிக்கை. நம்பிக்கை மட்டுமல்ல, அந்த மரம் சேர்ந்த பானம் இரத்தத்துச் சீனியைக் குறைப்பதை 2005இல் வெளியான இலங்கை ஆய்வொன்றும் காட்டியிருக்கிறது.

உம்மாவுக்கு ஏற்கெனவே கிளிபென்கிளமைட் குளிசை இருந்தது. காலைக் குளிசையை அவ ஸஹருக்கு மாற்றிக்கொண்டா. யாரிடமும் கேட்கவில்லை. ஸஹருக்குச் சாப்பிட்டதும் ரெண்டு வாய்தான். அதற்கு மேல் கோப்பைத் தண்ணி. ஐந்தாம் நாள் அஸருக்கு முன் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, என்னை என் மௌத்தான மாமாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. நோன்பை முறித்துச் சீனித்தண்ணி பருக்கினோம், நினைத்தமாதிரித் தெளியவில்லை. வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

வாட்டில் நின்ற நேர்ஸ் சிங்களப் பெண், அரைகுறைத் தமிழ். சேலைன் ஏற்றிக்கொண்டே கேட்டார்: "வேற மருந்து என்ன குடிக்கிறது?"

"ஒண்டுமில்ல மிஸ், கிளினிக் குளிசை மட்டுந்தான்" என்றேன் நான்.

கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதே பதில். மூன்றாம் தரம் என்னை விட்டுவிட்டுத் தங்கையிடம் கேட்டார்: "நாட்டு மருந்து? வேர்? இலை?" அப்போதுதான் கோப்பைக் கதை வெளியே வந்தது.

"அதுவும் மருந்துதானே" என்றார். கோபிக்கவில்லை. உம்மாவின் கட்டில் துண்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு டொக்டர் விளங்கப்படுத்தினார். கிளிபென்கிளமைட் கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்கவைப்பது; வயிற்றில் சாப்பாடு இருக்கோ இல்லையோ அது தன் வேலையைச் செய்யும், ஒருநாள் வரைக்கும் இழுக்கும். கொத்தல ஹிம்புட்டு குடலில் மாவையும் சீனியையும் உடைக்கும் நொதியத்தைத் தடுப்பது. ஒன்று உள்ளதைச் செலவழிக்கிறது, மற்றது வரவைத் தாமதிக்கிறது. நோன்போ வரவையே நிறுத்திவிட்டது. நாங்கள் பருக்கிய சீனியும் குடலில் உடைந்தால்தான் குளுக்கோஸ் ஆகும். அந்த உடைப்பு தடைப்பட்டதாலும் தெளிவு தாமதித்திருக்கலாம். அதனால்தான் நேரே குளுக்கோஸாக ஏற்றினார்கள், இரவு முழுக்க மறித்தும் வைத்தார்கள்.

தாதியர் படிப்பில் ஐந்து சரிகள் என்று சொல்லிக்கொடுப்பார்கள்: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். எங்கள் வீட்டில் மருந்து சரி, வழி சரி. நேரத்தை நாங்களே மாற்றினோம். அதற்கும் மேலே, எதோடு சேர்த்துக் குடிக்கிறோம் என்பதை மறைத்தோம். வேண்டுமென்று மறைக்கவில்லை, வேரையும் இலையையும் மருந்துக் கணக்கில் சேர்க்கத் தெரியவில்லை. தமிழ் படித்த வாத்தியார் நான், பத்தியம் என்ற சொல்லுக்கு வகுப்பில் பொருள் சொல்லியவன்.

பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாக வழிசெய்தபோது, மருந்துகளைக் கம்பனி வைத்த பெயரால் அல்லாமல் அவற்றின் சொந்தப் பெயரால் எழுதவேண்டும் என்று வாதாடினார். விலை குறைவது ஒரு காரணம். இரண்டு டொக்டரிடம் போய் ஒரே மருந்தை இரண்டு பெயரில் வாங்கி இரட்டிப்பாகக் குடிக்கும் ஆபத்துக் குறைவதும் அதில் கிடைக்கும் நன்மை. பெயர் தெரிந்தால்தான் கேள்வி கேட்கமுடியும்.

வைத்தியம் தெரியாமல் வைத்தியம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் பதிவாகியிருக்கிறது. அதை நாம் போலி வைத்தியரைப் பார்த்தே சொல்வோம். ஸஹருக்குக் குளிசையை மாற்றிவைத்த வீட்டையும் அது பார்க்கிறது என்று இப்போது எனக்குப் படுகிறது. நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்த மார்க்கம், குளிசையை நாமாக மாற்றச் சொல்லவில்லை. ஷஃபான் பிறக்குமுன் கிளினிக்குக்குப் போய் 'நோன்பு பிடிக்கலாமா, பிடித்தால் எதை எப்போது போடுவது?' என்று கேட்கவேண்டும். போகும்போது வீட்டிலுள்ள குளிசை, தைலம், கஷாயம், வேர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகவேண்டும். நமது பள்ளிவாசல்களில் ஷஃபான் மாதத்து ஜும்ஆ ஒன்றில் இதை ஐந்து நிமிடம் சொன்னால் எத்தனையோ உம்மாமார் தப்புவார்கள்.

உம்மா அந்த வருடம் மிச்ச நோன்பைப் பிடிக்கவில்லை, ஃபித்யா கொடுத்தோம். அடுத்த கிளினிக்குக்கு மரக்கோப்பையையும் சீலைப்பையில் வைத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தா. "இத நான் குடிக்கிறதா, விடுறதா, நீங்களே சொல்லுங்க" என்றா.