கரையாத மருந்து காட்டிக்கொடுத்த கூழ்

லென்ஸுக்கும் விழித்திரைக்கும் நடுவே நம் கண்ணில் சுமார் 4 மில்லி கூழ் இருக்கிறது. விட்ரியஸ் என்பார்கள். கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்தான். அதைக் கூழாகப் பிடித்து வைத்திருப்பது மெல்லிய கொலாஜன் இழைகள். பளிங்கு போலத் தெளிவாக இருப்பதால்தான் நமக்குப் பார்வை தெரிகிறது. அறுவை செய்கிறவருக்கு அதே தெளிவுதான் தலைவலி. வெட்டி எடுக்க வேண்டிய பொருளே கண்ணுக்குத் தெரியாது!

1970இல் மயாமியில் ராபர்ட் மேக்கெமர், கண்ணின் பக்கவாட்டில் சிறு துளை போட்டு இந்தக் கூழை வெட்டி உறிஞ்சும் விட்ரெக்டமி முறையைத் தொடங்கினார். ரத்தம் கலந்த கூழ் என்றால் தெரிந்துவிடும். தெளிந்த கூழ், அதிலும் விழித்திரையை ஒட்டி நிற்கும் கடைசிப் படலம், தெரியாது. கை அனுபவத்தையும் ஊகத்தையும் நம்பித்தான் வேலை. மிச்சம் விட்டால் அது பின்னாளில் சுருங்கி விழித்திரையை இழுக்கலாம்.

அதே மேக்கெமரும் சகாக்களும் 1980இல் ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டைக் கண்ணுக்குள் செலுத்தி, உள்ளே தழும்புத் திசு வளர்வதைத் தடுக்கப் பார்த்தார்கள். மூட்டுக்கும் தசைக்கும் ஊசி போட வந்த மருந்து அது. தண்ணீரில் எளிதில் கரையாது. வெள்ளைத் துகள்களாக மிதக்கும். மெதுவாகக் கரைவதால் நெடுநாள் வேலை செய்யும் என்பதுதான் கணக்கு. ஆக, மருந்தும் அந்த அறுவையும் ஒரே கண்ணுக்குள் சந்தித்தாயிற்று. ஆனால் துகளைப் பார்க்கும் கருவியாக்கலாம் என்று எழுத இன்னும் 20 வருஷம் ஆனது.

ஈரானில் பிறந்த கோலம் பேமன், லேசிக் காப்புரிமைக்காகப் பலர் அறிந்தவர், 2000இல் தன் குழுவுடன் அதை எழுதினார். இது சாயம் ஏற்றுவது இல்லை. சிலந்தி வலை மேல் கோலமாவு தூவினால் என்ன ஆகும்? மாவு இழையில் தங்கும், வலை தெரியும். அவ்வளவுதான் விஷயம். வெறும் நீரில் துகள் அலைந்து போய்விடும். கூழ் இருக்கும் இடத்தில் சிக்கி வெள்ளையாக நிற்கும்.

2003இல் அமெரிக்காவில் ஸ்காட் பர்க் குழு இதையே கண்புரை அறுவைக்குக் கொண்டுவந்தது. நம் ஊருக்கு முக்கியமான திருப்பம் இது என்பேன். புரை எடுக்கும்போது லென்ஸின் பின்னுறை கிழிந்தால் கூழ் முன்னால் வழியும். ஓர் இழை காயத்தில் மாட்டி நின்றாலும் விழித்திரைக்கு ஆபத்து. துகளைத் தெளித்தால் ஒளிந்திருக்கும் இழை அகப்பட்டுவிடும். கடையில் கிடைத்த மருந்தில் கெடாமல் இருக்கச் சேர்த்த பென்சைல் ஆல்கஹால் இருந்ததால், பர்க் குழு துகளை வடிகட்டிக் கழுவித்தான் பயன்படுத்தியது. இதற்கென்றே தயாரித்த மருந்துக்கு அமெரிக்க அரசின் அனுமதி 2007இல் கிடைத்தது.

எங்கள் பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போய்ச் சென்னைப் பக்கம் திரும்பினால் நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் மதுரைக் குடும்பத்தைச் சேர்ந்த அரோலேப், 1992இல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் குறைந்த விலைக்குத் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம். கெடாமல் இருக்க எதுவும் சேர்க்காத ட்ரையம்சினோலோனையும் அரோகார்ட் என்ற பெயரில் அதுவே தயாரிக்கிறது. கழுவி வடிகட்டும் வேலை மிச்சம். நாள் முழுக்கப் புரை அறுவை நடக்கும் கூடத்தில் அது சின்ன விஷயமில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. பார்க்க உதவினாலும் அது ஸ்டீராய்டுதான். மிச்சம் தங்கினால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். அடியில் படிந்த வெள்ளைத் துகள் சீழ் போலத் தோன்றிக் குழப்பும். அதனால்தான் வேலை முடிந்ததும் முடிந்தவரை உறிஞ்சி எடுக்கிறார்கள். வீட்டில் யாருடைய டிஸ்சார்ஜ் சீட்டிலாவது இந்தப் பெயரைப் பார்த்தால் பதற வேண்டாம். அழுத்தம் பார்க்க வரச் சொன்ன தேதியை மட்டும் தவற விடாதீங்க.