அபவாதம் பிரித்த வீடு

திண்டுக்கல்லிலிருந்து தேனிக்கும் கம்பத்திற்கும் செல்லும் நெடுவழியில் உள்ள ஊர் வத்தலக்குண்டு. 1872-இல் அங்குப் பிறந்த பி. ஆர். ராஜமையர் 1898-இல், இருபத்தாறு வயதில், மறைந்தார். தமிழில் அவர் எழுதிய ஒரே நாவல் 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது. ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்று நாம் சுருக்கி அழைக்கும் அக்கதையின் முழுப்பெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்பதாகும். அபவாதம் என்றால் வீண்பழி. நாவலின் பொருள் முழுவதும் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

சிறுகுளம் என்னும் சிற்றூரில் முத்துஸ்வாமி ஐயரும் அவர் தம்பி சுப்பிரமணிய ஐயரும் வாழ்கின்றனர். தம்பி மனைவி பொன்னம்மாளுக்கு ஓரகத்தி கமலாம்பாள்மீது தீராத பொறாமை. அண்ணன் தம்பி உறவு முறிகிறது. ஊர்ப்பெண்கள் கூடிப் புறம்பேசும் ‘வம்பர் மகாசபை’யைப் படிக்கும்போது நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம். ஆனால் பின்னர் கமலாம்பாளின் நடத்தை மீதே பழி விழும்போது, சற்றுமுன் நம்மைச் சிரிக்க வைத்த அதே வம்பு ஒரு குடும்பத்தையே குலைப்பதைக் காண்கிறோம். வம்பு பேசுவோர் மட்டுமன்றி, அதைச் சுவைத்துக் கேட்போரும் குற்றத்தில் பங்காளிகளே என்பதை ஆசிரியர் உபதேசமின்றி உணர்த்திவிடுகிறார்.

முதலில் நம் சினமெல்லாம் பொன்னம்மாள்மீதே பாய்கிறது. கதை வளர வளர, அது முத்துஸ்வாமி ஐயர்பால் திரும்புகிறது. நல்லவர், கற்றவர், மனைவியை நேசித்தவர். எனினும் ஊர்ச்சொல்லுக்குச் செவிசாய்த்துச் சந்தேகத்திற்கு இடங்கொடுத்தார். பொறாமை மூட்டிய தீக்கு நம்பிக்கையின்மையே எண்ணெயாயிற்று.

இதற்குமுன் 1879-இல் வெளிவந்த முதல் தமிழ் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தைத் தந்தவர், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை. அவர் அறத்தை வெளிப்படையாக எடுத்துரைத்தார். ராஜமையரோ அடுப்பங்கரைப் பேச்சிலும் திண்ணைப் பேச்சிலும் அறம் எவ்வாறு தவறுகிறது என்பதைக் காட்டினார்.

இந்நாவல் தொடராக வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் பெரியாற்று அணை கட்டப்பட்டு வந்தது. 1895 அக்டோபரில் அது திறக்கப்பட்டபோது, மேற்கே பாய்ந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையோடு சேர்ந்தது. நீர் கண்ட நிலத்திற்கு மதிப்பு உண்டு. மதிப்புள்ள நிலத்திற்கு வழக்கும் உண்டு. வரப்புத் தகராற்றையும் மடைத் தகராற்றையும் அளந்து தீர்க்க அமீன் உண்டு, நீதிமன்றம் உண்டு. ஒருவரது நற்பெயருக்கு நேர்ந்த சேதத்தை அளக்க எந்தச் சங்கிலி உண்டு?

இன்றும் நம் ஊர்களில் நல்லது கெட்டதுக்குப் போகாமல், ஒரே தெருவில் முகம் திருப்பி நடக்கும் பங்காளிகள் உண்டு. விசாரித்துப் பார்த்தால், பிரித்தது நிலமாக இராது. பெரும்பாலும் யாரோ சொன்ன ஒரு சொல்லாகவே இருக்கும். ராஜமையர் தம் தம்பதியரை இறுதியில் மீண்டும் சேர்த்து வைத்தார். வாழ்க்கையில் அவ்வாறு சேர்த்து வைக்க ஆசிரியர் ஒருவர் வருவதில்லை. ஆகவே, உறவினரைப் பற்றி யாரேனும் ஒரு செய்தி கொண்டுவந்தால், “நீர் கண்டீரா?” என்று அவரைக் கேட்போம், பின்பு உரியவர் வீட்டுக்கே சென்று அவரிடமே கேட்போம்.