முதலில் உயிரா, எஃப்.ஐ.ஆரா?

"இது போலீஸ் கேஸ். இங்கே பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!"

சாலையில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் ஒரு காலத்தில் அடிக்கடி கேட்ட பதில் இது. சிகிச்சை தெரியாமல் டாக்டர்கள் இப்படிச் சொல்லவில்லை. போலீஸ் விசாரணை, சாட்சி சொல்ல கோர்ட் படியேறும் அலைச்சல், இவற்றுக்குப் பயந்துதான் சொன்னார்கள். இந்தப் பயத்தைப் போக்க நம் நாட்டுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

1980களில் ஸ்கூட்டரில் போன ஒருவர் மீது வேகமாக வந்த கார் மோதியது. அருகில் இருந்த மருத்துவமனை அவரைச் சேர்க்க மறுத்தது. இத்தகைய வழக்குகளைப் பார்க்க அனுமதி உள்ள மருத்துவமனை 20 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. போகும் வழியிலேயே அவர் இறந்துபோனார். செய்தித்தாளில் இதைப் படித்த பரமானந்த் கட்டாரா என்ற மனித உரிமை ஆர்வலர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

28 ஆகஸ்ட் 1989 அன்று தீர்ப்பு வந்தது. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, போலீஸ் நடைமுறைகள் அதற்குப் பிறகுதான் என்றது நீதிமன்றம். அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையே இதற்கு அடிப்படை. டாக்டர்களைத் தேவையில்லாமல் அலைக்கழிக்கக் கூடாது என்றும் அது சொன்னது. 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் டாக்டரின் இந்தக் கடமை எழுதப்பட்டது.

பிரச்சினை அதோடு தீர்ந்ததா? இல்லை. 1992 ஜூலையில் மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. இந்த முறை சொன்ன காரணம் போலீஸ் அல்ல, படுக்கை இல்லை, வசதி இல்லை என்பது. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சொந்தச் செலவில்தான் பிழைத்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றும் தெளிவாகச் சொன்னது.

அடுத்த பயம், தூக்கி வருபவருடையது. உதவப் போய் நாமே மாட்டிக்கொள்வோமோ? 2016-ல் உச்ச நீதிமன்றம் இவர்களுக்கான பாதுகாப்பு விதிகளை ஏற்றது. 2019-ல் அது சட்டமே ஆனது.

கடைசியாகப் பணம். தமிழ்நாட்டில் 2008-ல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2021 டிசம்பரில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது. கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் நீதிமன்றம் நெருக்கவே, 2025 மே மாதம் மத்திய அரசும் 1.5 லட்சம் ரூபாய் வரை, ஏழு நாட்களுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது.

ஆக, அடிபட்டவரை முதலில் நோயாளியாகவும் பிறகே வழக்காகவும் பார்க்கச் சட்டம் இன்று சொல்கிறது. ஆனால் ரோட்டோரம் கூடி நிற்கும் கூட்டத்துக்கு அது தெரிந்தால்தானே பயன்? நண்பர்களே, இதை மட்டும் நினைவில் வையுங்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர் தன் பெயரைக் கூடச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சேர்த்துவிட்டு அவர் தாராளமாக வீட்டுக்குப் போகலாம்.