44க்கு 18

விடியற்காலையில் பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் நோக்கிப் பறக்கும் ரோடு பைக்குகளைப் பார்க்கிறோம். முன்னால் 2 பற்சக்கரங்கள், பின்னால் 8 முதல் 11 வரை. எந்த அளவுகளைத் தேர்ந்தெடுப்பது என்பது இன்று வாங்குபவரின் கவலை. முந்தைய தலைமுறைக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தோன்றிய பிறகு வீட்டுக்கு வீடு வந்த கறுப்பு வண்டியில், அதை ஆலையே முடிவு செய்துவிட்டது: முன்னே 44 பல், பின்னே 18 பல், அல்லது அதையொட்டிய ஒரு கணக்கு.

கியரை இன்றும் அங்குலத்தில் அளக்கும் வழக்கம் உண்டு. அதன் காரணம் சுவையானது. கோவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1870இல் செய்த ஏரியல் போன்ற வண்டிகளில் பெடல் முன்சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. சக்கரம் பெரிதானால் வேகம் கூடும். ஆனால் கால் எட்ட வேண்டும். ஆக, அன்று கியரைத் தேர்ந்தெடுத்தது மனிதனின் கால் நீளம்! 1885இல் அவருடைய உறவினர் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வண்டி, சங்கிலியால் பின்சக்கரத்தை இழுத்து இந்தத் தளையை அறுத்தது. அளவை மட்டும் பழைய சக்கரத்தின் விட்டமாகவே நிலைத்துவிட்டது.

நம் கறுப்பு வண்டியின் 28 அங்குலச் சக்கரத்தை 44ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தால் ஏறத்தாழ 68 அங்குலம். ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர். நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தால் மணிக்கு 16 கி.மீ. கேரியரில் அரிசி மூட்டையும் முன்பாரில் பிள்ளையும் இருக்கும்போது அதற்குமேல் யாருக்கு வேண்டும்? மேடு வந்தால் எழுந்து நின்று மிதிப்போம். முடியாவிட்டால் இறங்கித் தள்ளுவோம். அதில் யாரும் வெட்கம் கண்டதில்லை.

வெட்கம் பிரான்சிலிருந்து வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. செயின்ட் எட்டியன் நகரின் பால் தெ விவி, பல கியர்களுக்காக ஆயுள் முழுதும் எழுதி வாதாடினார். 1903இல் டூர் தெ பிரான்சைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சோ, கியர் மாற்றுவது முதுமைக்கும் பலவீனத்துக்கும் உரியது என்று கருதினார். வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுப் பற்சக்கரம் மாற்றிக்கொண்டார்கள். தெக்ராஞ் பொறுப்பிலிருந்து விலகிய பிறகே, 1937இல், டிரெய்லர் அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டு வென்ற ரோஜர் லப்பேபி அதைப் பயன்படுத்தியே வென்றார். சட்டம் மாறியது, மனம் மாறவில்லை. பெரிய பல் ஆண்மைக்கு அடையாளம் என்னும் எண்ணம் 53/39 என்ற பந்தயக் கணக்காக இன்றும் சாலையில் உலவுகிறது.

சமவெளியான தாம்பரம் பகுதியில் இந்தப் பெருமைக்கு என்ன பயன்? தேர்ந்த ஓட்டுநர் ஒருவர் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்து மணிக்கு 25 கி.மீ. செல்ல அவருக்குத் தேவை ஏறத்தாழ 65 அங்குலம். அம்பத்தூர் வண்டியின் கணக்கு ஏறக்குறைய அதுவேதான்! 22 கியர் வாங்கினாலும் நாம் பெரும்பொழுது அந்தப் பழைய கியரில்தான் இருக்கப்போகிறோம். காசு கொடுத்து வாங்குவது இரு ஓரங்களை மட்டுமே. மேல் ஓரமான 50/11 ஏறத்தாழ 123 அங்குலம். 90 சுற்றில் மணிக்கு 53 கி.மீ. ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் அது வெறும் அலங்காரம்.

கீழ் ஓரமே கவனிக்க வேண்டியது. பிற்பகலில் வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் பக்கம் திரும்பினால் கடற்காற்று முகத்தில் அடிக்கும். பாலங்களின் ஏற்றம் முழங்காலைச் சோதிக்கும். 53/39 வண்டியில் பின்னே 25 பல் வரைதான் என்றால் மிக எளிய கியரே 42 அங்குலம். 50/34 வண்டியில் 32 பல் இருந்தால் 29 அங்குலம் வரை இறங்கலாம். நம் பரிந்துரை இரண்டாவதே. சமவெளியில் இழப்பு ஏதுமில்லை. மலைக்குப் போனால் வேறுபாடு தெரியும். ஏலகிரிப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். 42 அங்குலத்தோடு ஏறுபவருக்கு அந்தப் பலகைகளைப் படிக்க மூச்சிருக்காது.