திரிந்த நிலம்: டோல்கீனின் மோர்டோரும் பாலையின் இலக்கணமும்

முன்னுரை

ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954–55இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதில் வரும் மோர்டோர், மலைகள் மூன்று புறமும் அடைத்து நிற்கும் நாடு. வடக்கே எரெட் லித்துயி என்னும் சாம்பல் மலைகள். மேற்கிலும் தெற்கிலும் எஃபெல் டூவாத் என்னும் நிழல் மலைகள். உள்ளே கோர்கோரோத் மேட்டுநிலம். அங்கே ஓரோட்ரூயின் என்னும் எரிமலை. அதன் அடித்திரள் சமவெளிக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி. அதன்மேல் எழும் கூம்பு அதில் பாதி.

கொடிய நிலம் கொடியவனுக்கு இருப்பிடமானது என்றே மோர்டோரைப் பலரும் வாசிக்கின்றனர். எரிமலை முதலில், அந்நாட்டை ஆளும் சௌரோன் பின்னர் என்பது இந்த வாசிப்பின் வரிசை. காலவரிசையில் அது சரிதான்; காரணத்தில் சரியன்று. மோர்டோரின் கொடுமையில் பெரும்பங்கு ஆட்சி விளைத்தது என்பதும், எரிமலை அந்த ஆட்சியின் கருவியே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

பாலை என்னும் அளவுகோல்

ஐந்திணையுள் நடுவணதாகிய பாலைக்குத் தொல்காப்பியம் தனி நிலம் வகுக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு வழி சொல்லும்போது இதற்கு விளக்கம் கிடைக்கிறது. வேனிலும் ஞாயிறும் வாட்ட, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பிழந்து பாலையாகின்றன என்கிறான் அவன். அதற்கு அவன் காட்டும் உவமை நம் கவனத்துக்குரியது: அரசனும் அவன் வினைசெய்வாரும் முறை கோணியதால் கெட்ட நாடு. இளங்கோவடிகளிடம் கோணிய ஆட்சி உவமை, வறண்ட நிலம் பொருள். மோர்டோரில் அந்த உவமையே நடப்பாகிவிடுகிறது. அங்கே நிலத்தை வாட்டுவது வேனில் அன்று, வேந்தன்.

நூல் தரும் சான்றுகள்

முதற்சான்று, சௌரோன் இந்நாட்டை அடைந்த விதம். நூலின் பின்னிணைப்பு தரும் காலவரிசைப்படி, இரண்டாம் யுகத்தின் 1000ஆம் ஆண்டளவில், கடல்கடந்து வரும் நூமெனோரியரின் வலிமை பெருகுவதைக் கண்டு அஞ்சிய சௌரோன், அரண் ஆக்கிக்கொள்ள மோர்டோரைத் தேர்ந்தெடுக்கிறான். தேர்வுக்குப் பின்னால் இருப்பது அச்சமும் போர்க்கணக்கும். மலைகள் அவனுக்கு மதில், எரிமலை உலைக்களம். ஏறத்தாழ 1600இல் அந்த நெருப்பில்தான் அவன் தன் வலிமையைப் பொதிந்து தலைமை மோதிரத்தை வார்க்கிறான்.

இரண்டாவது, அதே மலைகள் எதிர்த்தரப்புக்கும் பணிசெய்தமை. சௌரோன் முதன்முறை வீழ்ந்தபின் கோண்டோர் நாட்டார் மோர்டோரின் விளிம்பில் கோட்டைகள் எழுப்பினர். அவற்றுள் ஒன்றான கிரித் உங்கோல் கோபுரத்தின் முன், மோதிரத்தை அழிக்க மோர்டோருக்குள் புகும் இருவருள் ஒருவனான சாம் நிற்கிறான்; அது பகைவரை உள்ளே விடாமல் தடுக்கவன்று, உள்ளே இருப்போரை வெளியே விடாமல் காக்கவே கட்டப்பட்டது என்று உணர்கிறான். காவல் தளர்ந்ததும் அக்கோபுரம் சௌரோன் கைக்குப் போயிற்று. மதிலுக்குத் தன் கட்சி என்று எதுவுமில்லை. காவலனைப் பொறுத்தே அதன் முகம் திரும்புகிறது.

மூன்றாவது, நாட்டினுள் நிலவும் வேலைப்பிரிவினை. வடக்கே சுரங்கங்கள், உலைகள், படைதிரட்டல். எரிமலைப் புகை எட்டாத தெற்கே, நூர்னென் என்னும் உள்நாட்டுக் கடலை ஒட்டி, அடிமைகள் உழுது விளைவிக்கும் பரந்த வயல்கள். சாமுக்கும் அவன் தோழனுக்கும் தெரியாத இந்த வயல்களை, கதைசொல்லி இடையே புகுந்து வாசகருக்கு அறிவிக்கிறார். நம் கண்ணில் படும் மோர்டோர் வெறும் பொட்டல். அதற்குச் சோறிடும் மோர்டோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. எரிமலை நாடு விளையா நாடு என்ற முடிவை நூலே இவ்வாறு தடுக்கிறது. புவியுலகிலும் எட்னா மலைச்சரிவும் ஜாவாத் தீவும் எரிமலை மண்ணின் வளத்துக்குப் பெயர்பெற்றவை.

நான்காவது சான்றே வலியது. மிகக் கொடிய பாழ்நிலம் எரிமலையின் காலடியில் இல்லை; கறுப்பு வாயிலான மொரானனுக்கு வெளியே இருக்கிறது. சாம்பற்குழிகளும் கசடுக் குவியல்களும் நிறைந்த அந்த இடம் அடிமை உழைப்பின் எச்சம் என்று டோல்கீன் வெளிப்படையாகவே சொல்கிறார். மாறாக, நிழல் மலைகளுக்கு உட்புறத்து மோர்காய்ச் சரிவில் முட்புதர்களும் சிறு நீரொழுக்கும் இன்னும் இருக்கின்றன. 1916இல் சோம் போர்க்களத்தில் பணியாற்றிய டோல்கீன், மொரானனை நெருங்கும் பகுதி அப்போருக்குப் பிந்தைய வட பிரான்சுக்கு ஓரளவு கடன்பட்டது என்று 1960ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் ஒப்புக்கொண்டார். அவர் கண்ட பாழ் மனிதர் ஆக்கிய பாழ்.

ஒரு மறுப்பு

சௌரோன் மீண்டு வந்தபோதெல்லாம் ஓரோட்ரூயினும் கனன்றதே என்று கேட்கலாம். மூன்றாம் யுகத்தின் 2951இல் அவன் மோர்டோரில் தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறான். 2954இல் மலை மீண்டும் தீ உமிழ்கிறது. மலைக்கும் அவனுக்கும் உறவுண்டு என்பது உண்மையே. ஆனால் மோதிரத்தை ஆக்கிய நெருப்பே அதை அழிக்கவும் வல்லது. அழிக்க வேறு வழி அவனுடைய பகைவர்க்கு இல்லை. தன்னை ஏவியவனின் உயிர்நிலையையே கரைத்துவிடும் நெருப்பை அவனுடைய இயல்பின் நீட்சி என்பது பொருந்தாது.

முடிவுரை

பாலை என்னும் அளவுகோல் ஓரிடத்தில் போதாமல் போகிறது. மழை பெய்தால் பாலை மீண்டும் முல்லையாகும், குறிஞ்சியாகும். அதன் திரிபு பருவத்தோடு முடிவது. மோர்டோரில் திரிபு இருவகை. நூர்னென் வயல்களில் கெட்டது உரிமை. ஆட்சி மாறியதும் கோண்டோரின் புதிய அரசன் அரகோர்ன், விடுதலை பெற்ற அடிமைகளுக்கே அந்நிலத்தை வழங்குகிறான். ஓர் ஆணையில் அக்கேடு தீர்கிறது. மொரானன் முன்றிலில் கெட்டது மண். பெருங்கடல் புகுந்து கழுவினாலன்றி அதற்கு மீட்சியில்லை என்பது கதைசொல்லியின் கூற்று. செங்கோல் திரும்பிய பின்னும் அந்தக் கசடுக் குவியல்கள் அங்கேயே கிடக்கும். ஆட்சியோடு ஒழியும் கேட்டையும் ஆட்சி ஒழிந்தபின்னும் எஞ்சும் கேட்டையும் ஒரே நாட்டில் வைத்துப் பிரித்துக் காட்டியிருப்பதால், மோர்டோரை எரிமலையின் கதையாக வாசிப்பதைவிட அரசின் கதையாக வாசிப்பதே நூலுக்கு நெருக்கமானது.