எலும்பும் ரேடாரும்



எலும்பில் இருப்பது கால்சியம் பாஸ்பேட் என்று வகுப்பில் ஒரு வரியில் கடந்திருப்போம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது.

1669இல் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர், தங்கம் கிடைக்கும் என்று நம்பிச் சிறுநீரைக் காய்ச்சிப் பாஸ்பரஸைக் கண்டார். இது எல்லாப் புத்தகத்திலும் உண்டு. சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, எலும்பிலேயே அது கால்சியம் பாஸ்பேட்டாக இருக்கிறது என்று கண்டறிந்த ஸ்வீடன்காரர் யோஹான் கானை ஏனோ யாரும் நினைப்பதில்லை. அவர் புண்ணியத்தில் வாளி வாளியாகச் சிறுநீர் சேர்க்கும் வேலை ஒழிந்தது. எலும்புச் சாம்பலே போதும் என்றானது.

ஆனால் சிதைந்த எலும்பை நிரப்ப, அதே உப்பைத் தூய்மையாகச் செய்வது வேறு கலை. ஹைட்ராக்சிஅபடைட்டில் 10 கால்சியத்துக்கு 6 பாஸ்பேட் இருக்க வேண்டும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் அம்மோனியம் பாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காரத்தன்மை குறையாமல் பார்த்து, வெண்ணிற வீழ்படிவை மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாள் முழுக்க, முதிர விடுவார்கள். கால்சியம் குறைந்தால் பொருள் உடலில் சீக்கிரம் கரையும். சில சிகிச்சைக்கு அதுவே நல்லது, சிலவற்றுக்கு ஆகாது. விகிதம்தான் இங்கே எல்லாம்.

இந்தக் காத்திருப்பைக் குறைத்தது ஒரு போர்க்கருவி! 1940இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் ரேடாருக்காக மேக்னட்ரானை உருவாக்கினார்கள். 1945 வாக்கில் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் அதன் அருகில் உருகியது. அதிலிருந்து மைக்ரோவேவ் அடுப்பு வந்தது. முதல் அடுப்பு ஆள் உயரம், 340 கிலோ எடை. 1986இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் வேதியியலாளர்கள் வீட்டு அடுப்பிலேயே வினைகளை நடத்திக் காட்டினார்கள். பிறகு கால்சியம் பாஸ்பேட்டுக்கும் அது வந்தது.

சாதாரண அடுப்பில் முதலில் பாத்திரம் சுடும், பிறகுதான் கரைசல். இங்கே நொடிக்கு 245 கோடி முறை அலையும் மின்புலம் நீர் மூலக்கூறுகளையே ஆட்டுகிறது. கரைசலுக்குள்ளேயே வெப்பம் பிறக்கிறது. மணிக்கணக்கான வேலை நிமிடங்களில் முடிந்து, நானோ அளவில் நுண்ணிய படிகங்கள் கிடைக்கின்றன.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 2004இல் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இம்முறையில் நானோ படிகங்கள் செய்ததை வெளியிட்டார்கள். 2012இல் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தார் முட்டை ஓட்டிலிருந்தே செய்தார்கள். பக்கத்தில் நாமக்கல் இருக்க, ஓட்டுக்கா பஞ்சம்?

அதற்காக ஓட்டை அடுப்பில் வைத்தாலே எலும்பு வந்துவிடும் என்று கிளம்பிவிடாதீர்கள். ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். பாஸ்பேட்டை வெளியிலிருந்துதான் சேர்க்க வேண்டும்.