எம்டனும் கடலடிக் கேபிள்களும்

எங்கள் பக்கத்தில் எதற்கும் அஞ்சாமல் காரியத்தைச் சாதிப்பவனைச் ‘சரியான எம்டன்’ என்பார்கள். இராயபுரத்தில் வளர்ந்த எனக்கு, அது ஒரு கப்பலின் பெயர் என்பது கல்லூரிக்கு வந்த பிறகே தெரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எதிரே வந்து ஏறத்தாழ 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். இவையெல்லாம் பலமுறை எழுதப்பட்டவை. அக்கப்பல் அழிந்த கதை இங்கே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த அழிவில் ஒரு தந்தி நிலையத்துக்குப் பங்குண்டு. அந்த நிலையத்துக்கும் சென்னைக்கும் பழைய உறவும் உண்டு.

அந்த உறவு 1870இல் தொடங்குகிறது. பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் என்னும் தந்திக் கம்பெனி அவ்வாண்டில் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடிக் கேபிள் பதித்தது. நடுவே செம்புக் கம்பி; அதன்மேல் மலாய்க் காட்டு மரங்களின் பாலில் இருந்து எடுத்த கட்டாபெர்ச்சா என்னும் பிசின் உறை; அதற்கும் மேல் இரும்புக் கம்பிக் கவசம். மறுமுனையை அடையும் மின்குறி மிகவும் நலிந்திருக்கும். சிறு கண்ணாடியில் பட்டு அசையும் ஒளிப்புள்ளியைப் பார்த்தே எழுத்தர் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க வேண்டும். வழி ஒன்றே; அது அறுந்தால் கப்பல் சென்று கடலடியைத் துழாவி முனையைத் தூக்கி ஒட்டும்வரை பேச்சில்லை. 1873இல் இக்கம்பெனி ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் என்ற பெருங்கம்பெனியுடன் இணைந்தது. இந்தியப் பெருங்கடலின் நடுவே கோகோஸ் தீவுகளில் தந்தி நிலையம் நடத்தியதும் அதே கம்பெனிதான்.

1914 நவம்பர் 9 காலை எம்டன் அந்நிலையத்தை அழிக்க வந்தது. நோக்கம் தெளிவானது: ஆஸ்திரேலியாவை வெளியுலகோடு இணைத்த கம்பிகளை அறுப்பது. கரையிறங்கிய வீரர்கள் கம்பியில்லாத் தந்திக் கோபுரத்தைச் சாய்த்தார்கள், கருவிகளை உடைத்தார்கள், ஆஸ்திரேலியக் கேபிளை வெட்டினார்கள். ஆனால் கோபுரம் சாய்வதற்கு முன்பே, அயல் கப்பல் வந்திருக்கிறது என்ற செய்தியை ஊழியர்கள் வானில் அனுப்பிவிட்டிருந்தார்கள். அருகில் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி விரைந்து வந்தது; எம்டன் அன்றே வீழ்ந்தது. நிலையத்தார் மாற்றுக் கருவிகளை முன்கூட்டியே ஒளித்தும் வைத்திருந்தார்கள். ஆகவே தந்திப் போக்குவரத்தும் விரைவில் மீண்டது.

கம்பி வலுவாக இருந்ததால் அந்நிலையம் பிழைக்கவில்லை. கம்பியை நம்பாத இன்னொரு வழி இருந்தது, ஒளித்துவைத்த உபரி இருந்தது, அதனால் பிழைத்தது.

இதையே கணக்காகப் போட்டுக் காட்டியவர் பால் பாரன். அணுகுண்டு விழுந்தாலும் தகவல்தொடர்பு பிழைக்குமா என்ற கேள்வியை அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ஆராய்ந்த அவர், 1964இல் விடையை வெளியிட்டார். எல்லாக் கம்பிகளும் கூடும் மைய நிலையம் வேண்டாம். ஒவ்வொரு கணுவையும் மூன்று நான்கு அண்டைக் கணுக்களோடு பின்னுங்கள். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி அனுப்புங்கள். ஒவ்வொரு துண்டும் திறந்திருக்கும் வழியைத் தானே தேடிக்கொள்ளும். தனிக் கணு நம்பத்தகாததாக இருக்கலாம். வலை நம்பத்தகுந்ததாக இருக்கும். இணையம் இன்று நிற்பது இக்கருத்தின் மேல்தான்.

சென்னைக் கடலடிக்கு மீண்டும் வருவோம். 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ‘ஐ2ஐ’ கேபிள் வந்தது: ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர், எட்டு இணைக் கண்ணாடி இழைகள். ஒவ்வொரு இழையிலும் பல நிற ஒளிகள் ஒன்றோடொன்று மோதாமல் செல்கின்றன. முழுக் கொள்ளளவு நொடிக்கு 8.4 டெராபிட். ஒளிப்புள்ளியை எழுத்தெழுத்தாகப் படித்த பினாங்குக் கேபிளை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் கொள்ளளவு பெருகப் பெருக, ஒன்று அறுந்தால் விழும் பள்ளமும் பெரிதாகிறது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையம் பெருமளவு முடங்கியது. போக்குவரத்தின் ஒரு பகுதியைச் சிங்கப்பூர் வழியே கிழக்காகத் திருப்பித்தான் நிறுவனங்கள் சமாளித்தன. கிழக்கே ஒரு வாசல் இருந்தது நம் நல்லூழ்.

அந்தமானுக்கு அந்த வாசலும் இல்லை. 2020 ஆகஸ்ட் 10 அன்று ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் கேபிள் திறக்கப்படும்வரை, அத்தீவினர் செயற்கைக்கோளின் குறுகிய வழியையே நம்பியிருந்தார்கள்.

உலகில் ஆண்டுதோறும் 150 முதல் 200 கேபிள் பழுதுகள் நேர்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சுறாவோ எதிரியோ அல்ல, மீன்வலையும் நங்கூரமும்தான். மாலையில் திருவொற்றியூர்க் கரையில் நின்று பாருங்கள். தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே எண்ணூர்த் துறைமுகம். இடையே முறைக்குக் காத்து நங்கூரமிட்ட கப்பல்கள், காசிமேட்டுக்குத் திரும்பும் விசைப்படகுகள். இந்தியாவின் கடலடிக் கேபிள்களில் பெரும்பாலானவை மும்பையிலும் சென்னையிலுமே கரையேறுகின்றன. வரைபடத்தில் பல கோடுகள் தெரியும். பல கோடுகளும் ஒரே வாசலில் நுழையுமானால், இடர் வரும் நாளில் அவை ஒரே கோடுதான். எம்டன் வந்தபோது எண்ணெய்த் தொட்டிகளும் அப்படித்தான், வசதி கருதி, துறைமுகத்தருகே ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தன.